வெளுத்த சாயநீர்

கல்லூரி அறிவியல் கண்காட்சிகளில் ஏறக்குறைய ஆண்டுதோறும் ஒரு மேசையைப் பார்க்கலாம். கண்ணாடிக் குழாயில் தென்னை நார்க் கழிவை அடைத்து, மேலிருந்து நீலத் தண்ணீரை ஊற்றுவார்கள். கீழே தெளிந்த நீர் சொட்டும். பின்னால் ஒட்டிய அட்டையில் வாழைத்தண்டு, ஆரஞ்சுத் தோல், நெல் உமி, மரத்தூள், வேப்பிலை என்று பட்டியல் நீளும். குப்பைக்குப் போகிற பொருள், காசு கிடையாது, சாயக்கழிவுத் தொல்லை தீர்ந்தது என்று விளக்கம் சொல்வார்கள். பெரும்பாலும் பரிசும் கிடைக்கும்.

மாணவர்கள் செய்வதில் குற்றமில்லை. அந்தக் குழாயிலிருந்து கிளம்பும் யோசனை 'மலிவான சுத்திகரிப்பு' என்ற பெயரில் சாயப்பட்டறைக்குப் போய்ச் சேரும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. தாவரக் கழிவு சாயத்தைப் பிடிக்கும் என்பது உண்மை. பட்டறைக் கழிவுநீரை அது சுத்தமாக்கிவிடும் என்பதற்கு அந்தக் குழாயில் சான்று எதுவும் இல்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களுக்குத்தான் அது சான்று.

இந்த யோசனையை ஓர் இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டுமானால் புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு தோதான இடம். ஊர்ப் பெயரிலேயே தேங்காய் இருக்கிறது. மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் கழிமுகமும், அதன் சேற்றில் வெண்கண்டலும் சுரபுன்னையும் நிற்கும் அலையாத்தித் தோப்புகளும் இருக்கின்றன. சாயத்துக்கும் இந்தக் கரைக்கும் உள்ள உறவு பழையது. பிரெஞ்சுக்காரர்கள் 'கினே' என்று அழைத்த அவுரி நீலத் துணி இங்கிருந்து கப்பலேறி, பிரான்ஸ் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போய், அங்கே பிசினுக்குப் பண்டமாற்றாக விலைபோனது. 1820-களின் கடைசியில் சவானா ஆலை வந்தது. 1898-இல் வந்த ரோதியே ஆலை பிற்பாடு ஏ.எஃப்.டி. என்று பெயர் மாறியது. 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தது புதுச்சேரியின் வரலாறு. 2020-இல் ஏ.எஃப்.டி. மூடப்பட்டதோடு பெரிய ஆலைகளின் காலம் முடிந்தது. இனி இங்கே யாராவது துணிக்குச் சாயமேற்றினால் அது சிறு அளவில்தான் இருக்கும். 'மலிவான முறை' என்ற சொல்லுக்குக் காது கொடுப்பவர்களும் சிறு பட்டறைக்காரர்கள்தான்.

முதலில், அந்தக் குழாயில் ஊற்றியது என்ன என்று கேட்க வேண்டும். அநேகமாக அது மெத்திலீன் நீலம். 1876-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹைன்ரிச் காரோ உருவாக்கியது. நுண்ணோக்கித் தகடுகளுக்கு நிறமேற்றவும் மருந்தாகவும் பயன்படுவது. ஆய்வகம்தோறும் புட்டியில் இருக்கும், மலிவு, அளப்பது எளிது. தண்ணீரில் கரைந்ததும் அதன் மூலக்கூறு நேர்மின்னூட்டம் பெறுகிறது. நார்க் கழிவு, உமி, தோல் எதுவானாலும் அதன் மேற்பரப்பில் உள்ள கார்பாக்சில், ஃபீனால் தொகுதிகள் சாதாரணத் தண்ணீரில் எதிர்மின்னூட்டம் காட்டுகின்றன. நேரும் எதிரும் ஒட்டிக்கொள்கின்றன. இதற்குப் பரப்புக் கவர்தல் என்று பாடநூலில் பெயர். மெத்திலீன் நீலத்தைப் பிடிக்காத ஒரு தாவரக் கழிவைக் கண்டுபிடிப்பவருக்குத்தான் உண்மையில் பரிசு கொடுக்க வேண்டும்.

பருத்தித் துணிக்கு இன்று ஏற்றும் சாயம் வேறு இனம். 1956-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் புரோசியன் என்ற பெயரில் விற்கத் தொடங்கிய ரியாக்டிவ் சாயங்களும் அவற்றின் வழிவந்தவையும்தான் திருப்பூர் பனியனிலும் கடையில் தொங்கும் சட்டையிலும் இருக்கின்றன. தண்ணீரில் கரைவதற்காக இவற்றில் சல்ஃபோனேட் தொகுதிகளை ஒட்டவைத்திருக்கிறார்கள். அதனால் இவை எதிர்மின்னூட்டம் உடையவை. மிகுதியாகப் புழங்கும் ரியாக்டிவ் பிளாக் 5-இன் மூலக்கூறு எடை 992. நான்கு இடங்களில் எதிர்மின்னூட்டம். மெத்திலீன் நீலத்தின் எடை 320. ஒரே ஒரு நேர்மின்னூட்டம். முதலாவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதை இரண்டாவதை வைத்துச் சோதித்தால் கிடைக்கும் விடைக்கு என்ன மதிப்பு?

மின்னூட்டக் கணக்கோடு இது முடியவில்லை. பருத்தியும் தாவரம்தான், கிட்டத்தட்ட முழுக்க செல்லுலோஸ். ரியாக்டிவ் சாயம் செல்லுலோஸை விலக்கிப் போகாமல் இருக்கவே பட்டறையில் மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டுகிறார்கள்; பிறகு சலவைச் சோடாவைச் சேர்த்துச் சூடாக்கிச் சாயத்தை நூலோடு பிணைக்கிறார்கள். அவ்வளவு செய்தும் ஒரு பங்கு சாயம் தண்ணீரோடு வினைபுரிந்து, பிணையும் திறனை இழந்து தொட்டியிலேயே நின்றுவிடுகிறது. கழிவுநீரில் இருக்கும் சாயம் இதுதான். உலகின் மிகத் தூய செல்லுலோஸ்களில் ஒன்று, உப்பின் துணையோடும் வெப்பத்தின் துணையோடும் பிடிக்க முடியாமல் விட்ட சாயத்தை, வேலியோரம் கிடந்த நார்க் கழிவு சும்மா பிடித்துவிடும் என்று எதிர்பார்க்கிறோம்.

பிடிக்கவே பிடிக்காது என்று சொல்லவில்லை. எவ்வளவு பிடிக்கும், என்ன நிபந்தனையில் பிடிக்கும் என்பதற்கு நம்மிடமே நல்ல ஆய்வுகள் உண்டு. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் துறையில் சி. நமசிவாயமும் அவருடைய குழுவினரும் 1990-களின் தொடக்கத்திலிருந்து இதில் உழைத்தார்கள். 1992-இல் வாழைத்தண்டு, 1996-இல் ஆரஞ்சுத் தோல், அதன்பின் தென்னை நார்க் கழிவு என்று வரிசையாக முடிவுகளை வெளியிட்டார்கள். உலக அளவில் இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் வேலை இது. 2002-இல் வந்த அவர்களுடைய கட்டுரையொன்றின்படி, நார்க் கழிவிலிருந்து செய்த கரி கிராமுக்குச் சுமார் 6.7 மில்லிகிராம் காங்கோ சிவப்புச் சாயத்தைப் பிடித்தது. அமிலத்தன்மை உள்ள நீர் அதற்குச் சாதகமாக இருந்தது. இரண்டையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். படிப்பவர்கள்தான் 'நார்க் கழிவு சாயத்தை நீக்குகிறது' என்ற ஒற்றை வரியை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

(காங்கோ சிவப்பு 1880-களில் ஜெர்மனியில் பிறந்த சாயம், பென்சிடின் என்ற, புற்றுநோயை உண்டாக்கும் வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்டது. பென்சிடின் சாயங்களை இந்தியா 1990-களிலேயே தடை செய்துவிட்டது. நேர்மையான பட்டறையில் அந்தச் சாயம் இருக்காது. ஆய்வகங்களில் மட்டும் இன்றும் அது நீக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது.)

6.7 மில்லிகிராம் என்றால் என்ன என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிறு பட்டறை நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் கழிவுநீரை வெளியேற்றுகிறது, லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10 கிலோ சாயம். அதைப் பிடிக்க ஏறக்குறைய ஒன்றரை டன் கரி வேண்டும். ஒரு நாளைக்கு! கரியாக்கும்போது எடையில் பெரும்பகுதி போய்விடும் என்பதால் தேவைப்படும் நார்க் கழிவு அதைப் போலப் பல மடங்கு. வேறு சாயம், வேறு கரி என்று எடுத்து, திறனைப் பத்து மடங்கு கூட்டிப் போட்டாலும் நாளொன்றுக்கு 150 கிலோ, மாதத்துக்கு நாலரை டன் சாயக்கரி குவியும். அதுவும் காய்ந்த எடையில். நனைந்த நார்க் கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பண்டம். தோட்டக்காரர்கள் அதை விரும்புவதே அதற்காகத்தான்.

அமிலத்தன்மை என்ற நிபந்தனையும் விடாது. ரியாக்டிவ் சாயத்தொட்டியின் பி.எச். 11-ஐ ஒட்டி இருக்கும். அலசல் நீரெல்லாம் சேர்ந்த பிறகும் கழிவு காரமாகத்தான் வரும். அதை அமிலப் பக்கம் இழுக்க அமிலம் ஊற்ற வேண்டும். காரமும் அமிலமும் சேர்ந்தால் உப்பு. ஏற்கெனவே உப்பு நிறைந்த தண்ணீரில், சுத்திகரிப்பின் பெயரால் இன்னும் கொஞ்சம் உப்பு.

கரியாக்காமல் பச்சையாகவே போடலாமே என்பார்கள். பச்சை நார்க் கழிவைத் தண்ணீரில் போட்டால் காப்பி நிறத்தில் சாறு இறங்கும். டானினும் பிற கரிமப் பொருள்களும் கலந்த சாறு. நீரின் ஆக்சிஜன் தேவையை அது ஏற்றிவிடும். கேரளத்துக் காயல்களில் தேங்காய் மட்டையை ஊறப்போட்ட இடங்கள் கறுத்து நாறியதை அந்தப் பக்கத்துக்காரர்கள் அறிவார்கள். நார்க் கழிவில் அதற்கே உரிய உப்பும் உண்டு. ஏற்றுமதிக்காக அதை நன்னீரில் அலசி உப்பை இறக்குகிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் அந்த அலசல் நீரே நிலத்தடி நீரைக் கெடுப்பதாகப் புகார் கிளம்பியது. மாசு இல்லாத தொழில்களுக்கான வெள்ளைப் பட்டியலில் இருந்த நார்க் கழிவுத் தொழிற்கூடங்களைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியது. சாயநீரைக் கழுவ நாம் தேர்ந்தெடுத்த பொருளே மாசுப் பட்டியலில் ஏறியது.

தாவரக் கழிவின் மேற்பரப்பை மாற்றி எதிர்மின்னூட்டச் சாயத்தையும் பிடிக்க வைக்கலாம். துத்தநாகக் குளோரைடில் ஊறவைத்துச் சுடுவது, சோப்பு போன்ற, ஆனால் நேர்மின்னூட்டம் உடைய பரப்புவினைப் பொருள்களைப் பூசுவது என்று வழிகள் உண்டு. பாரதியார் பல்கலைக்கழகக் குழுவே இவற்றையும் செய்து காட்டியது. திறன் கூடும். அந்த இடத்தில் 'செலவில்லை, ரசாயனமில்லை' என்ற அட்டையைக் கழற்றி வைத்துவிட வேண்டும். துத்தநாகத்தைக் கழுவி எடுத்த தண்ணீருக்குத் தனிச் சுத்திகரிப்பு தேவைப்படும். கொட்டாங்குச்சியிலிருந்து நீராவியில் செய்யும் கிளர்வூட்டிய கரி நம் ஊர் ஏற்றுமதிச் சரக்கு, உயர்ந்த பொருள். ஒரு கிராமின் உட்பரப்பு ஆயிரம் சதுர மீட்டர் வரை போகும். ஆனால் அதன் துளைகள் மிகக் குறுகலானவை. குடிநீர் வடிகட்டியில் குளோரினைப் பிடிக்கவும் சுரங்கத்தில் தங்கத்தைப் பிடிக்கவும் அவை பொருத்தம். ஆயிரத்தை ஒட்டிய எடையுள்ள சாய மூலக்கூறு அந்தத் துளைகள் பலவற்றில் நுழையவே முடியாது.

இதுவரை பேசியது நிறம். இனி உப்பு.

அடர்த்தியான நிறத்துக்குப் பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது லிட்டருக்கு 60 முதல் 100 கிராம் வரை உப்பு போடுவது வழக்கம். சாதா உப்போ, கிளாபர் உப்போ. ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 80 கிராம் உப்பு என்று கொண்டால் 640 கிராம் உப்பு. சாயம் துணியின் எடையில் 4 சதவீதம் என்றால் 40 கிராம். அதில் கால் பங்கு பிணையாமல் போனால் 10 கிராம். உப்பு துணியில் தங்குவதே இல்லை. ஆக ஒரு கிலோ துணியிலிருந்து வெளியேறும் தண்ணீரில் 10 கிராம் சாயமும் 640 கிராம் உப்பும் இருக்கின்றன. நார்க் கழிவு முழு வெற்றி பெற்றால் அந்தப் 10 கிராமை எடுக்கும். 640 கிராம் அப்படியே போகும், கண்ணுக்குத் தெரியாமல்.

இது நடக்கக்கூடியது என்று சொல்லவில்லை. நடந்து முடிந்தது. திருப்பூரில் 1990-களின் பிற்பகுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டுச் சாயத்தைச் சேறாகப் படியவைத்து, மேலே தெளிந்த நீரை நொய்யல் ஆற்றில் விட்டார்கள். நிறம் குறைந்தது. கரைந்த உப்பு குறையவில்லை; குறைப்பதற்கான ஏற்பாடே அந்த நிலையங்களில் இல்லை. ஈரோடு, கரூர் பக்கத்துச் சுமார் 20 ஆயிரம் ஏக்கர் பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறியது. அணை நீரைத் திறக்கக் கூடாது என்று விவசாயிகளே போராடிய விசித்திரம் அங்கேதான் நடந்தது. கிணறுகள் உப்பாயின, தென்னை காய்ப்பு இழந்தது, நிலம் இறுகியது. பாதிக்கப்பட்ட 28 ஆயிரத்துக்கும் அதிகமான விவசாயிகளுக்கு இழப்பீடு கணக்கிட நேர்ந்தது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்றது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஒட்டித் தீர்ப்பளித்தது. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு சவ்வு வடிகட்டி, ஆவியாக்கி, உப்பு மீட்பு என்று செலவு பிடித்த ஏற்பாடுகள் வந்தன. தொழில் மறுபடி நடக்கிறது. செலவு தாங்காத பட்டறைகள் சில, காவிரிக் கரையில் பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் அனுமதியின்றி முளைப்பதும் அதிகாரிகள் இடிப்பதும் இன்றுவரை செய்தியாகிறது. அப்படிப்பட்ட பட்டறை மாட்டிக்கொள்வதே வாய்க்காலில் ஓடும் நிறத்தால்தான். நிறத்தை மட்டும் மலிவாக எடுத்துக் கொடுக்கும் ஒரு முறை அந்தப் பட்டறைக்கு என்ன செய்துகொடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊர்க்காரர்கள் புகார் கொடுக்க அவர்களிடம் இருந்த ஒரே அடையாளத்தை அது அழித்துக் கொடுக்கும்.

2016 அக்டோபரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்த ஜவுளித் தொழிற்சாலைக் கழிவுநீர் அளவைகளில் நிறம் ஓர் அளவைதான்: 150 பிளாட்டினம் கோபால்ட் அலகு. கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. பி.எச்., ஆக்சிஜன் தேவை, குரோமியம், சல்ஃபைடு, ஃபீனால், அம்மோனியா என்று மற்றவையும் உண்டு. கண்காட்சி மேசையில் இருக்கும் குழாய் இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுக்கு விடை சொல்கிறது.

தேங்காய்த்திட்டில் நின்று இதைச் சொன்னால் உடனே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்புதான். திருப்பூர் உள்நாடு, இங்கே கடல். ஏற்றத்தில் வரும் கடல்நீரிலேயே லிட்டருக்கு 35 ஆயிரம் மில்லிகிராம் உப்பு இருக்கிறது. கழிமுகத்தில் பட்டறை உப்பு கலந்தால் என்ன குறைந்துவிடும்?

கழிமுகத்தின் உப்புத் தண்ணீரை மட்டும் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் பட்டறை கடலுக்குள் நிற்காது, தெருவில் நிற்கும். கழிவு முதலில் போவது வாய்க்கால், காலி மனை, மண். புதுச்சேரி நகரம் குடிப்பது நிலத்தடி நீர். ஆழ்துளைக் கிணறுகளை நம்பி நிற்கும் கடலோர ஊர். கீழிருந்து கடல்நீர் நிலத்துக்குள் ஏறுவது ஏற்கெனவே இங்கே கவலைக்குரிய விஷயம். மேலிருந்தும் உப்பை இறக்க வேண்டியதில்லை. சட்டத்திலும் அந்த மறுப்புக்கு இடமில்லை. உப்பு அளவைக்கு விலக்கு கிடைப்பது முறையாக அமைத்த கடல் வெளியேற்றக் குழாய் வழியாகக் கடலில் விடுவோருக்குத்தான். கழிமுகம் கடல் கணக்கில் வராது.

உப்பைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அங்குள்ள சேறு. அலையாத்திச் சேற்றைக் கிளறியவர்களுக்கு அதன் கறுப்பும் அழுகிய முட்டை வாடையும் தெரியும். சில விரல் ஆழத்துக்குக் கீழே ஆக்சிஜன் இல்லை. சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக்கும் நுண்ணுயிர்கள் ஆள்கின்றன. ஜவுளிச் சாயங்களில் பெரும்பகுதி அசோ சாயங்கள்: இரண்டு நைட்ரஜன் அணுக்களின் பிணைப்பால் நிறம் பெறுபவை. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் அந்தப் பிணைப்பு உடையும். உடைந்ததும் நிறம் மறையும். மிஞ்சுவது அரோமாட்டிக் அமீன்கள். அவை நிறமற்றவை, காற்றில்லாத சேற்றில் எளிதில் சிதையாதவை. எல்லா அமீன்களும் கொடியவை என்று சொல்வது மிகை. ஐரோப்பிய ஒன்றியம் துணியிலிருந்து வெளிவரக் கூடாது என்று பட்டியலிட்டவை 22. ஆனால் எந்தச் சாயத்திலிருந்து எந்த அமீன் வந்தது என்று சேற்றைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது, கருவி வேண்டும். அதாவது தேங்காய்த்திட்டுச் சேறே, நார்க் கழிவின் உதவி இல்லாமலே, சாயத்தை வெளுத்துக் கொடுக்கும். இறாலும் நண்டும் குஞ்சு மீனும் வளர்கிற சேறு அது.

அடுத்ததாக, பிடித்த சாயத்தோடு அந்த நார்க் கழிவை என்ன செய்வது? ஆய்வுக் கட்டுரைகளில் இந்தக் கேள்வி கடைசிப் பத்தியில் கிடக்கிறது; மாணவர் அட்டையில் எங்குமே இல்லை. சாயம் அழியவில்லை, தண்ணீரிலிருந்து கரிக்கு இடம் மாறியிருக்கிறது. காஸ்டிக் ஊற்றிக் கழுவி மறுபடி பயன்படுத்தலாம் என்றால் முன்னைவிட அடர்ந்த சாயநீர் தொட்டியில் நிற்கும். வேதிப்பிணைப்பாக ஒட்டியிருந்தால் கழுவினாலும் முழுக்க வராது. எரிக்கலாம் என்றால், டர்காய்ஸ் நிறத்துக்கான சாயங்களில் தாமிரம் இருக்கிறது, வேறு சிலவற்றில் குரோமியம் இருக்கிறது. அவை சாம்பலில் நிற்கும். குளோரின் கொண்ட சாயங்களையும் உப்பில் ஊறிய நாரையும் சாதாரண அடுப்பு வெப்பத்தில் எரித்தால் டயாக்சின் போன்ற நச்சுகள் உண்டாக வழியுண்டு. கொதிகலனுக்கு இலவச விறகு என்று யாராவது கேட்டு வந்தால் கொடுத்துவிடக் கூடாத பொருள் இது.

உரமாக்கும் யோசனைதான் மிகவும் ஆசை காட்டுவது. நார்க் கழிவைச் சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து மக்கவைக்கும் முறையை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரப்பியிருக்கிறது, நல்ல முறை. சாயம் ஏறிய நார்க் கழிவுக்கு அது பொருந்தாது. சில பூஞ்சைகள் ஆய்வகத்தில் சாயத்தைச் சிதைக்கின்றன என்பது சரி. உலோகத்தை எந்தப் பூஞ்சையும் சிதைக்காது. குவியலின் நடுவே காற்றில்லாத இடத்தில் சேற்றில் நடந்ததே நடக்கும். கத்தரிப் பாத்திக்கு அதைப் போட்டவருக்கு விஷயம் தெரியவும் வராது, ஏனென்றால் மக்கிய உரம் எப்படியும் கறுப்பாகத்தான் இருக்கும்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் சேரும் ரசாயனச் சேறு, 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு. திருப்பூரில் அந்தச் சேறு ஆண்டுக்கணக்கில் மூட்டையாகக் கிடந்து, பின்னர் ஒரு பகுதி சிமென்ட் ஆலைகளின் சூளைக்குப் போகத் தொடங்கியது. அத்தனை பெரிய நகரம், அமைப்பு, பணம் இருந்தும் அந்த நிலை. தனியொரு சிறு பட்டறை மாதம் நாலரை டன் சாயக்கரியை என்ன செய்யும் என்பதற்குப் பெரிய கற்பனை தேவையில்லை: பள்ளம் எங்கே இருக்கிறது என்று பார்க்கும். கழிமுக ஓரத்தில் பள்ளத்துக்குப் பஞ்சமில்லை. அங்கே கொட்டியது அங்கேயே அடங்கியும் கிடக்காது. துறைமுக வாயை மணல் மூடுவதும், படகுகள் தட்டுவதும், தூர்வாருவதும் தேங்காய்த்திட்டு மீனவர்களுக்கு ஓயாத பாடு. தூர்வாரும் ஒவ்வொரு முறையும் கீழே கிடப்பது மேலே வரும்.

தாவரக் கழிவுக்கு இந்தத் தொழிலில் இடமே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். அக்ரிலிக் நூலுக்குப் போடும் பேசிக் சாயங்கள் நேர்மின்னூட்டம் உடையவை; அவற்றுக்கு நார்க் கழிவு பொருத்தமாகத்தான் இருக்கும். உயிரியல் சுத்திகரிப்பு முடிந்து, உப்பு மீட்பு வரிசைக்குப் போகும் முன், மிஞ்சிய சிறிதளவு நிறத்தை எடுக்க நல்ல கரி உதவும். பெரிய நிலையங்களில் கரி அந்த இடத்தில்தான் நிற்கிறது. தனியாக நிற்கும் சுத்திகரிப்பாக அதைக் காட்டி, இதை வைத்துக்கொண்டு பட்டறைக்கு அனுமதி கொடுங்கள் என்று யாராவது விண்ணப்பித்தால், அல்லது ஒரு கல்லூரி தன் 'கண்டுபிடிப்பை' ஊருக்குக் கொடையாக அளிக்க முன்வந்தால், கேட்க வேண்டியவை சில உண்டு. சோதித்தது எந்தச் சாயத்தில். தனிச் சாயமா, பட்டறையிலிருந்து எடுத்த உண்மைக் கழிவா. எந்தப் பி.எச்.-இல். உள்ளே போன உப்பு எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு. வெளியேறும் நீரின் ஆக்சிஜன் தேவை நார்க் கழிவால் ஏறியதா இறங்கியதா. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கரி தீரும், அதை வாங்கிக்கொள்ளும் உரிமம் பெற்ற இடத்தின் ரசீது எங்கே. கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் இல்லாவிட்டால் மற்றவற்றைக் கேட்டு நேரத்தைக் கழிக்க வேண்டியதில்லை.

மாதிரி எடுக்கும் இடத்திலும் ஏமாறக் கூடாது. வீட்டுத் தண்ணீரில் கரைந்த உப்பைச் சோதிக்கும் கையடக்க டி.டி.எஸ். கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நொய்யல் போன்ற ஆற்றில் அதை முக்கினாலே கதை தெரிந்துவிடும். தேங்காய்த்திட்டுக் கழிமுகத்தில் முக்கினால் கடல் உப்பே மேலோங்கும், பட்டறை உப்பு அதற்குள் மறைந்துகொள்ளும். இங்கே தண்ணீரை ஏற்ற இறக்கம் எட்டாத இடத்தில், பட்டறையின் குழாய் வாயிலேயே பிடிக்க வேண்டும். முழு அளவைப் பட்டியலுக்கும் ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். சேற்றைத் தனியாகத் தோண்டியெடுத்து அமீனுக்கும் தாமிரத்துக்கும் குரோமியத்துக்கும் பார்க்க வேண்டும். நீரின் நிறத்தைக் கடைசியில் குறித்துக்கொண்டால் போதும்.